ராமபாணம்

ஏற்காட்டில் எஸ்டேட் கைமாறியபோது
பில்லியர்ட்ஸ் மேசையை ஓட்டல்காரர் எடுத்தார்.
மான்கொம்பை யாரும் தொடவில்லை, வனத்துறை பயம்.
தகரப்பெட்டியில் கிடந்த படங்களை
ரைட்டர் லூர்துசாமி
பழைய பேப்பரோடு எடைக்குப் போடப் பார்த்தார்.
நான் கை நீட்டியதும்
எடை போய்த் தாளுக்கு இவ்வளவு என்றாகிவிட்டது.

"நானூறு வருசம் மேடம்."
வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தேன்.
எந்திரத்தாள். மிஞ்சினால் நூற்று நாற்பது.
சாவு பழசு, தாள் பிற்பாடு.
அதைச் சொல்லித்தான் இருநூறு குறைத்தேன்.

மரக்கட்டையில் செதுக்கி மசி ஒற்றிய எலும்புக்கூடு
தாளுக்கு ஒருவரைக் கைப்பிடித்து ஆடுகிறது.
எருமை இல்லை, பாசக்கயிறு இல்லை,
இடுப்பில் மணல்கடிகாரம், தோளில் சிறுமுரசு.
ராஜாவிடம் கொஞ்சம் குனிகிறது.
வட்டிக்காரரின் தராசுத் தட்டில்
தன் விரலெலும்பை வைத்து அழுத்துகிறது.
உழவனிடம் மட்டும் அதட்டல் கிடையாது.
ஏரை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு
வழித்துணை மாதிரி நடக்கிறது.

எல்லாரும் ஒன்றுதான் என்று சொல்ல வரைந்த படங்கள்.
ராஜா ஆயிரத்து இருநூறு.
ஆயர் தொள்ளாயிரம்.
உழவன் முந்நூறுக்கு வந்தான்.
குழந்தையை மட்டும் லூர்துசாமி
தாளைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளினார்.
"அத சும்மா எடுத்துட்டுப் போங்க."

எனக்கு வேலை இன்சூரன்சில்,
இறப்புக் கோரிக்கைப் பிரிவு.
தொகை வேறு வேறு, படிவம் ஒன்று.
இறந்த நாள், நேரம்,
கடைசியாகப் பார்த்த மருத்துவர்,
விண்ணப்பிப்பவருக்கு இறந்தவர் என்ன முறை.
ஒரு கட்டத்தைப் பாதிப்பேர் காலியாக விடுவார்கள்:
நோய் முதலில் தெரியவந்த தேதி.
பென்சிலால் சுழித்துத் திருப்பி அனுப்புவேன்.
தேதியோடு வரும். சிலது வராது.

இரண்டு அட்டைக்கு நடுவே கட்டி
மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கினேன்.
ஒரு வளைவில் குரங்கு,
அடுத்ததில் பின்சீட்டுப் பையன் வாந்தி.
அஸ்தம்பட்டி தாண்டியதும் பஸ் நின்றது.
பூப்பல்லக்கு, பறை, சரவெடி.
லுங்கியை ஏற்றிக் கட்டிய ஒருவர் முன்னால் ஆடினார்,
ஒரு முழங்கால் உயர்ந்து, கழுத்து சாய்ந்து.
அட்டையைப் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை.
அதே முழங்கால்தான்.
கட்டை செதுக்கியவன் சேலம் பார்த்திருக்க மாட்டான்.
எவரோ வீசிய சாமந்தி ஒன்று
ஜன்னல் வழி வந்து கண்டக்டர் பைமேல் விழுந்தது.
சில்லறை தேடிக்கொண்டே தட்டிவிட்டார்.

வையாபுரி உருக்காலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து
எல்லாவற்றையும் பார்த்தார், ஒன்றுவிடாமல்.
"கூடத்துல மாட்டாத."
அவ்வளவுதான் சொன்னார்.
பீரோ கதவின் உட்புறம்
பட்டுப்புடவைகளைப் பார்த்தபடி ராஜா தொங்குகிறார்.
மற்றவர்கள் கீழ்த்தட்டில், ஒருவர்மேல் ஒருவர்.
செருப்புப் பெட்டிகளில் வரும் குருணைப் பொட்டலங்களை
ஈரம் உறிஞ்ச நடுநடுவே வைத்து
ஒன்றாம் தேதிகளில் மாற்றுவேன்.

ஐப்பசியில் இரண்டு முறை மறந்துபோனேன்.
ராமபாணம் வந்துவிட்டது.
பூச்சிக்கு யார் வைத்த பேரோ.
மேல்தாளில் புகுந்து நேராக இறங்கியிருக்கிறது:
வட்டிக்காரர் கன்னம்,
கன்னிகாஸ்திரீயின் ஜெபமாலை,
அதற்கடியில் எலும்புக்கூட்டின் சொந்த விலா.
எண்ணினேன். அந்த மராமரங்கள் போலவே ஏழு.

ஏழாவது தாளில் அதுவே இருந்தது,
குழந்தையின் தொட்டிலோரம், மினுங்கிக்கொண்டு.
யோசிக்கவில்லை,
கட்டைவிரலால் அழுத்திவிட்டேன்.
விரலில் வெள்ளிப்பொடி,
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
மெருகு போடுகிறவர்களுக்கு இருப்பது போல.
துடைக்கும் முன்னே தாளில் பட்டுவிட்டது.
தொட்டில் பக்கம் குனிந்து நிற்பதன் கணுக்காலில்
சதையில்லாத எலும்பைச் சுற்றி
அரை வளையம்.
கொலுசுதான். எப்படிப் பார்த்தாலும் கொலுசு.

வாங்கி விற்பவர்கள் இதைக் கறை என்று குறிப்பார்கள்,
விலை பாதியாகும்.
சும்மா வந்த தாள்.